பரதேசிகள் கட்டிய செபக்கூடம்



பரதேசி என்னும் சொல்லை நாம் இன்று வசைமொழியாக்கிவிட்டோம். பிற தேசத்தவன் என்பதே அதன் நேர்ப்பொருள். கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு எழுந்த யூதர் செபக்கூடம் அப்பொருளிலேதான் பரதேசிச் செபக்கூடம் எனப் பெயர் பெற்றது.

1492-இல் ஸ்பெயின் தேசம் தன் யூதக் குடிகளைத் துரத்தியது. செபார்தியர் எனப்படும் அம்மக்களுட் சிலர், கடல்வழி அலைந்து கொச்சியை அடைந்தனர். கொச்சி மன்னர் தம் அரண்மனைக்கு அருகிலேயே அவர்களுக்கு நிலம் ஈந்தார். 1662-இல் போர்த்துக்கேயர் அக்கூடத்தைச் சிதைத்தனர். ஒல்லாந்தர் காலத்தில், 1664-இல், அது மீண்டும் எழுந்தது. மன்னார்க் கோட்டையும் இவ்விரு கூட்டத்தாரிடையே கைமாறியதை அறிந்த நமக்கு இவ்வரலாறு அந்நியமன்று.

வாயிலிலே பாதரட்சைகளைக் கழற்றிவிட்டே உள்ளே செல்லவேண்டும். மேற்குத் தேசத்துச் செபக்கூடங்களில் இவ்வழக்கம் இல்லை. நம் மண்ணின் மரியாதை அங்கும் புகுந்துவிட்டது போலும்! தரையிற் பதித்த நீலமும் வெண்மையுமான ஓடுகள் சீனத்திலிருந்து வந்தவை; கையால் வண்ணந் தீட்டப்பெற்றவை. 1760-இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்தில் எபிரேய எண்களும் உண்டு. எனினும் தமிழருக்கு அருமையான பொருள், சேரமன்னர் பாஸ்கர ரவிவர்மர் ஏறத்தாழ கி.பி. 1000-இல் யோசேப்பு ரப்பான் என்பார்க்கு உரிமைகள் வழங்கிய செப்பேடேயாம். ஸ்பானிய அகதிகள் வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்னரே கேரளக் கரையில் யூதர் வாழ்ந்தமைக்கு அது சான்று. அதன் எழுத்து, நம் பழங் கல்வெட்டுகளிற் காணும் வட்டெழுத்து.

ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. துரத்தப்பட்டு வந்த அவர்களே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு அக்கூடத்திலே சம உரிமை மறுத்தனர். அவ்வழியில் வந்த ஆபிரகாம் பராக் சேலம் என்னும் வழக்கறிஞர், காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியில் நின்று அதனை எதிர்த்தார்.

1948-இல் இஸ்ரேல் உருவான பின்னர் பெரும்பாலோர் அங்கு குடிபெயர்ந்தனர். யூதரின் கூட்டுவழிபாட்டுக்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும். அப்பத்துப் பேர் இன்று உள்ளூரில் இல்லை. நுழைவுச்சீட்டுப் பெற்று உலாப்பயணிகள் பார்த்துச் செல்லும் காட்சிக்கூடமாகவே அது நிற்கிறது. அண்மையிலுள்ள பரவூர், சேந்தமங்கலம் செபக்கூடங்களோ முறைப்படியே அருங்காட்சியகங்களாகிவிட்டன.

2008-இல் போர் எங்கள் வெள்ளாங்குளத்தையும் ஆளற்ற ஊராக்கியது. ஆயினும் நாங்கள் மீண்டு வந்தோம். மட்டாஞ்சேரியிலிருந்த மற்றொரு செபக்கூடமான கடவும்பாகத்தின் மரவேலைப்பாடுகள், கழற்றப்பட்டுக் கடல்கடந்து, இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டிருக்கின்றன. சுவர்கள் மட்டும் கொச்சியிலேயே விடப்பட்டன.