இருபத்தொரு நாள் போதும்

நவம்பர் பிறந்துவிட்டால் கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்புகளின் வாசம் மாறிவிடும். மற்ற நாளில் தக்காளியும் வெங்காயமும் போகிற வண்டியில் பன்னீர் திராட்சைப் பெட்டிகள் கூடுதலாக ஏறும். குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போகிற அந்தக் கறுத்த பழத்தில் ஒரு பங்கு, கேரளத்து இடுக்கி வீடுகளின் பரணிக்குள் இறங்கி, கிறிஸ்துமஸ் இரவில் கேக்கோடு மேசைக்கு வரப்போகிற பழம். பேரம் பேசும் சேச்சிகள் அதை மறைப்பதும் இல்லை. "வைனுக்காக்கும் அண்ணே, நல்லா கறுத்ததா பார்த்துப் போடுங்க!"

இந்தப் பழத்தைப் பழுக்கவைத்த தண்ணீரே இடுக்கித் தண்ணீர்தான். 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர், தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பந்தல்களில் அது திராட்சையாகி, வந்த மலைக்கே திரும்ப ஏறுகிறது. அணையைப் பற்றி இரு மாநிலங்களும் கோர்ட்டில் என்ன பேசினாலும் பரணிக்குள் வழக்கு இல்லை.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. எனக்கு அதில் ஒரு சந்தேகம். பன்னீரின் வேறு பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அந்த ரகம் இங்கிலாந்தில் ஒரு கண்ணாடிக் கூடத்தில் உருவானதே 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். பாதிரியார் கொண்டுவந்தது வேறு கொடியாக இருக்கலாம். கதையில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருப்பது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இதே மாதத்தில் பிரான்சிலும் இளம் ஒயினுக்குத்தான் கொண்டாட்டம்.

முதலில் நம் வீட்டுக் கைமுறை. பழத்தைக் கழுவி ஈரம் போக உலர்த்துவார்கள். பரணியில் பழமும் சர்க்கரையும் அடுக்கி, ஆறிய வெந்நீர் ஊற்றி, கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு வாயைத் துணியால் கட்டுவார்கள். தினமும் ஒரு தடவை மரக்கரண்டியால் கிளறல். 21 நாளில் வடிகட்டல். பொறுமை உள்ளவர்கள் இன்னொரு 21 நாள் தெளிய விடுவார்கள். நிறம் போதாதென்றால் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவதும் உண்டு. தித்திப்பு தூக்கலாக இருக்கும். கிராம்பு மூக்கில் ஏறும். ஆனால் அடியில் அந்தப் பன்னீர் வாசம் அப்படியே நிற்கும். "இது எந்த வருஷத்து ஒயின்?" என்று இடுக்கியில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த வருஷத்தது, வேறெப்படி இருக்கும்?

பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே போஜொலே என்றொரு மலைச்சரிவுப் பகுதி. அங்கே விளைவது காமே என்ற கறுப்புத் திராட்சை. 1395இல் பர்கண்டிப் பிரபு பிலிப், இந்தக் கொடி ஆகாது, பிடுங்கி எறியுங்கள் என்று ஆணையிட்டார். நிறைய காய்க்கிறது, சீக்கிரம் பழுக்கிறது, ஆனால் பெரிய இடத்து ஒயினின் கனம் இல்லை என்பது குற்றச்சாட்டு. விரட்டப்பட்ட காமே தெற்கே போஜொலேயின் கருங்கல் மண்ணில் நிலைத்தது. அறுவடை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத அதன் புது ஒயினை லியோன்காரர்கள் பீப்பாயிலிருந்து நேரே பிடித்துக் குடித்துப் பழகினார்கள். 1951இல் அரசு அதற்கு ஒரு விற்பனைத் தேதி வகுத்தது. 1985 முதல் நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமைதான் 'போஜொலே நுவோ' கடைக்கு வரும் நாள். புதன் நள்ளிரவு தாண்டியதும் மூடி திறக்கும். ஜார்ஜ் துபெஃப் என்ற வியாபாரி அதை உலகத் திருவிழாவாகவே ஆக்கிவிட்டார். விளம்பரம் அதிகமாகி, சரக்கு சொதப்பிய வருஷங்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஒயின் ஏன் இளசிலேயே ருசிக்கிறது என்பதற்கான விடை அதைச் செய்யும் விதத்தில் இருக்கிறது. பழத்தை நசுக்குவதில்லை. கையால் பறித்த குலைகளை முழுசாகத் தொட்டியில் நிரப்பி, கரியமில வாயுவால் மூடிவிடுகிறார்கள். காற்று கிடைக்காத பழம், தோல் உடையாமலேயே உள்ளுக்குள் புளிக்கத் தொடங்குகிறது. நிறம் இறங்கிவிடும், தோலிலும் விதையிலும் இருக்கும் துவர்ப்பு அவ்வளவாக இறங்காது. கூடவே பழுத்த வாழைப்பழத்தின் வாசம் ஒன்று கிளம்பும். முதல் வாயில் எனக்கு நினைவு வந்தது பாலக்காட்டு நேந்திரப்பழம்தான்.

கடுக்காயைக் கடித்தவருக்குத் துவர்ப்பு நாக்கை எப்படிப் பிடிக்கும் என்று தெரியும். கனமான சிவப்பு ஒயின்களில் அந்தப் பிடி இருக்கும். அதைத் தளர்த்தத்தான் பத்து, இருபது வருஷம் நிலவறையில் வைக்கிறார்கள். துவர்ப்பு குறைந்ததைக் கிடத்திவைத்தால் தளர்வதற்கு அதிகம் இல்லை. பழவாசம் போவதுதான் மிச்சம். (போஜொலேயிலேயே மோர்கோன், மூலானவான் போன்ற ஊர்களின் ஒயின் சில வருஷம் தாங்கும். அது வேறு சங்கதி.)

இதை நான் பணம் கொடுக்காமல், வெட்கத்தோடு கற்றுக்கொண்டேன். பாரிஸிலிருந்து வந்த நண்பர் ஒரு போஜொலே நுவோ புட்டி தந்தார். 'நல்ல நாள்' வரட்டும் என்று பீரோவில் பட்டுச்சேலைகளுக்குக் கீழே வைத்தேன். இரண்டு கோடை போயின. திறந்தபோது கரைத்து வைத்து மறந்த புளித்தண்ணீர்போல் இருந்தது. நண்பரிடம் பிரமாதம் என்று சொன்னேன்.

இத்தனைக்கும் நான் வளர்ந்தது கள்ளுக்கடை கூப்பிடு தூரத்தில் இருக்கிற எல்லையோரம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகள்தான் கேரளத்தின் பல மாவட்டக் கள்ளுஷாப்புகளுக்குக் கள் அனுப்புகின்றன. விடிகாலையில் இறக்கி, கேன்களில் ஊற்றி, பெர்மிட் காகிதத்தோடு வண்டிகள் தெற்கே கிளம்பிவிடும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் கோபாலபுரத்தையும் கோவிந்தாபுரத்தையும் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள். அவர்களுக்குக் கள்ளின் வயசைச் சொல்ல கடிகாரம் போதும், காலண்டர் தேவையில்லை. பாளையைச் சீவி, தட்டி, கலயம் கட்டிய மாத்திரத்தில் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடுகிறது. காலையில் இனிப்பும் நுரையுமாக இருப்பது மத்தியானத்தில் சுரீரென்று ஏறும், சாயங்காலம் புளிக்கும், மறுநாள் தாண்டினால் காடியாகி மீன் கறிக்குத்தான் ஆகும். "வெயில் ஏறுமுன்ன வா தம்பி" என்பதுதான் அங்கே குடியின் இலக்கணம்.

கடல் தாண்டி வந்ததெல்லாம் வேறு ஜாதி மது. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாடுகிறார். கொடுங்கல்லூர் அருகே பட்டணத்தில் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் நிறையக் கிடைத்தன. எகிப்துத் துறைமுகத்தில் பருவக்காற்றுக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் வந்த மது அது. பயணத்தைத் தாங்குகிற மது மட்டும்தான் நமக்கு வந்து சேர்ந்தது. 'பழசு என்றால் உசத்தி' என்ற எண்ணம் அந்தச் சாடிகளோடு ஒட்டிக்கொண்டு வந்ததோ என்னவோ.

இனி, கையில் ஓர் இளம் சிவப்பு ஒயின் கிடைத்தால் என்ன செய்வது? சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்று புத்தகங்களில் இருக்கும். அந்த அறை ஐரோப்பியக் கல்வீட்டு அறை. ஏப்ரல் மாதத்துப் பாலக்காட்டு அறை 40 டிகிரியைத் தொடும். இந்த வகைக்கு 12, 13 டிகிரி சரி. பிரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். டிசம்பரில் மூணாறிலோ வண்டன்மேட்டிலோ இருந்தால் ஜன்னல் திண்டு போதும். சாப்பாட்டில் மிளகும் மிளகாயும் உள்ள நம் ஊருக்கு இதுதான் பொருந்தும். காரத்தோடு துவர்ப்பும் கனத்த ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு எரியும். குளிர்ந்த, பழச்சுவையான, லேசான ஒயின் அணைத்துக்கொண்டு போகும். தேங்காய்க்கொத்து போட்ட பீஃப் உலர்த்தியது, தாறாவு (வாத்து) ரோஸ்ட் இரண்டுக்கும் கைகண்ட ஜோடி. குடம்புளி மீன் கறிக்கு வேண்டாம். வாயில் இரும்பு ருசி தட்டும். அதற்குக் கள்தான்.

சட்டம் ஒரு மூலையில் நிற்கிறது. 2019 கிறிஸ்துமஸுக்கு முன் வீட்டு ஒயின் விஷயத்தில் கேரளக் கலால் துறை எச்சரிக்கை விட, ஊரே பதறியது. 2022இல் பழங்களிலிருந்து குறைந்த வீரிய ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. பலாவும் முந்திரிப்பழமும் அழுகிப் போகிற நாட்டில் அது நல்ல யோசனைதான். ஆனால் ஆலை ஒயின் கடை அலமாரியில் எத்தனை மாதம் நிற்கும் என்பதே எனக்குக் கவலை.

வீட்டில் அந்தக் கவலை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வடித்தது புத்தாண்டுக்கு வரும் விருந்தாளிகளோடு பாதியாகும். திருக்காட்சித் திருநாளுக்குள் அடிமண்டி தெரியும். பொங்கலுக்கு அந்த வீட்டுக்குப் போனால் பரணி கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கும். அடுத்தது கண்ணிமாங்காய் ஊறுகாய். அதை மட்டும் ஒரு வருஷத்துக்குத் தொடவிடமாட்டார்கள்.