பையன் கயிறு அல்ல

டி. கல்லுப்பட்டி பேருந்து நிலையத்துப் பக்கம் டீ குடிக்க நின்றால், ராஜபாளையம் திசையிலிருந்து வருகிற குட்டியானைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு குடம், நடுவே சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திய ஒரு பைக். ஹேண்டில்பாரில் நைலான் கயிறு இரண்டு சுற்று. அந்தக் கயிற்றை யாரும் நம்பவில்லை என்பதற்குச் சாட்சியாக, பைக்கைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பையன். பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கிற வயது. "நல்லாப் பிடிச்சுக்கடா தம்பி, மெதுவாத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் கதவைச் சாத்துகிறார்.

பைக்கை ஏற்றிப் போக வெளிநாடுகளில் காருக்குப் பின்னால் மாட்டுகிற தாழ்வான டிரெய்லர் உண்டு. சக்கரம் உட்கார ஒரு பள்ளம், பெல்ட் மாட்ட நாலு வளையம் என்று அதற்கெனவே செய்திருப்பார்கள். நம்மிடம் இருப்பது குட்டியானை என்கிற டாடா ஏஸ், பிக்கப், அவசரத்துக்கு டிராக்டர் டிரெய்லர். இன்ஜின் மடங்கிய வண்டியை மதுரைக்குக் கொண்டுபோக, வீடு மாற, திருப்பூரில் வேலை கிடைத்த மகனுக்கு வண்டியை அனுப்ப, எல்லாவற்றுக்கும் இவைதான். அதில் தப்பில்லை. கயிறு செய்ய வேண்டிய வேலையை ஒரு பையனிடம் கொடுப்பதுதான் தப்பு.

ஸ்ப்ளெண்டர் ஒன்று ஏறக்குறைய 112 கிலோ. எக்ஸ்எல் 100 கூட 90 கிலோவுக்குப் பக்கம் வரும். புல்லட் 190ஐத் தாண்டும். லாரியில் சரக்குக் கட்டுவதற்கு ஐரோப்பாவில் ஈஎன் 12195 என்றொரு தரவிதி இருக்கிறது. திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு முன்னால் பாயும், வளைவில் பாதி எடை பக்கவாட்டில் தள்ளும், இரண்டையும் தாங்குகிறபடி கட்டு என்பது அதன் கணக்கு. ஸ்ப்ளெண்டருக்குப் போட்டுப் பார்த்தால் முன்னால் 90 கிலோ, பக்கவாட்டில் 56 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டை 50 கிலோ. அதற்கு மேற்பட்ட பாரம் சொல்லாமல் கொள்ளாமல் பையன் மேல் சாய்கிறது. அவனை யாரும் கட்டிவைக்கவில்லை. பைக் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவனும் போவான்.

விழுந்தால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் தந்திருக்கும் பதில் பலருக்குத் தெரியாது. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரரும் அவருடைய பிரதிநிதியும் கூடப் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவு அவர்களைக் காக்கும். ஆனால் அதற்கும் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லேட்டி பாரதம்மா வழக்கில் 2007இல் தீர்ப்பானது. ஆகவே முன்சீட்டில் இருக்கும் அப்பாவுக்குப் பாதுகாப்பு உண்டு. பின்னால் பைக்கைப் பிடித்திருக்கும் மகனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். இழப்பீட்டுச் சுமை குட்டியானைக்காரர் தலையில் விழும். அவரோ அந்த ஒரு வண்டிக்கே மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவர். பின்னால் ஆளை ஏற்ற மாட்டேன் என்று ஒரு டிரைவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அப்படியும் யாராவது விழுந்துவிட்டால் முதலில் 108. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பதிவு பெற்ற மருத்துவமனைகள் சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமில்லாமல் தர வேண்டும். தனியார் மருத்துவமனைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. காப்பீட்டு அட்டை இருந்தால்தான் என்ற நிபந்தனை கிடையாது. இழப்பீட்டு மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. வக்கீலுக்கு வழியில்லை என்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100.

இனி பைக்குக்கு அடிபட்டால். இங்கே பலர் கைவிட்டுவிடுகிற உரிமை ஒன்று இருக்கிறது. உங்கள் பைக்குக்குச் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து முழு இன்சூரன்ஸ் இருந்தால், அந்த பாலிசியிலேயே சாலை, ரயில், படகு வழியாக வண்டியைக் கொண்டுசெல்லும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். "ஓட்டும்போது விழுந்தாத்தான் கிளைம்" என்று யாராவது சொன்னால் பாலிசியின் முதல் பிரிவைக் காட்டுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கு இது கிடைக்காது. கிளைமைத் தள்ளிவிட்டாலோ, எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் ஓர் ஆண்டுக்குள் முறையிடலாம். காசு கிடையாது.

லாரி பார்சலிலும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸிலும் அனுப்புகிறவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் பக்கபலம். சரக்கு கெட்டால் கம்பெனியின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுத்தபோது நன்றாக இருந்தது, எடுத்தபோது உடைந்திருந்தது என்று காட்டினால் போதும். ஆனால் அதில் ஒரு கிடுக்கி உண்டு. கூடுதல் கட்டணம் கட்டி அதிகப் பொறுப்பு என்று எழுதி வாங்காவிட்டால், இழப்பீடு நீங்கள் கொடுத்த வாடகையின் 10 மடங்குக்கு மேல் போகாது. ₹3,000 வாடகைக்கு அதிகபட்சம் ₹30,000. ஒன்றரை லட்சம் ரூபாய் வண்டிக்கு அது எந்த மூலைக்கு? பைக்கின் மதிப்பை அனுப்புகைச் சீட்டில் எழுதுங்கள், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். சேதம் என்றால் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், அதுவும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

ரசீது கேட்க நமக்கு ஒரு கூச்சம். "தெரிஞ்ச பையன்தான், அவன்கிட்ட என்ன பில்லு?" என்போம். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இதே டி. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். 1934 பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கைப் பார்த்தபோது காந்திக்கே சலுகை காட்டாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர் அவர். அவர் இருந்த ஊரில் நாம் வாய்ச்சொல்லில் வண்டியை ஒப்படைக்கிறோம். குட்டியானைக்காரரிடம் அச்சடித்த பில் இருக்காது, சரி. வாடகையை ஜிபேயில் அனுப்புங்கள். எங்கிருந்து எங்கே, என்ன வண்டி, எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு "சரிண்ணே" என்று பதில் வாங்கிவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் நாலு பக்கமும் படம், கிலோமீட்டர் ஓடியது தெரிகிற படம், குட்டியானையின் நம்பர் பிளேட். இரண்டு நிமிஷ வேலை. ஆர்சி ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். அந்த நகல் கட்டாயம் வண்டியோடு போகட்டும், இல்லாவிட்டால் சோதனையில் நிறுத்தும் போலீஸாருக்கு அது திருட்டு வண்டியா என்ற சந்தேகம் வருவது நியாயம்தான்.

ஆன்லைனில் குறைந்த விலை சொல்லி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, வண்டி கைக்குப் போனதும் "இன்னும் எட்டாயிரம் போடுங்க, இல்லேன்னா டெலிவரி இல்லை" என்கிற கும்பல்களும் உண்டு. பேரம் பேசாமல் காவல் நிலையம் போங்கள். கொண்டுசேர்க்க ஒப்படைத்த பொருளைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழையுங்கள். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம், ₹5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை.

ரயிலில் அனுப்புகிறவர்களுக்குச் சுருக்கமாக. பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். இதைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையை நினைத்துக்கொள்ளலாம். விதியை மீறி ஒரு சுற்றுலாப் பெட்டிக்குள் வைத்திருந்த கேஸ் சிலிண்டரால் மதுரை நிலையத்தில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். இன்னொன்று, வண்டியின் மதிப்பை எழுதிக்கொடுத்து அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால் பார்சலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு ₹50தான். ஸ்ப்ளெண்டர் தொலைந்தே போனாலும் ₹5,600. உரிமை கோரும் கடிதம் 6 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

இத்தனை பேப்பருக்கும் வேலை வராமல் செய்வது கட்டுகிற விதம்தான். ஏழூர் முத்தாலம்மன் திருவிழாவுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை சப்பரம் கட்டித் தூக்குகிற வட்டாரம் இது. கயிறு பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுப்பது வம்பு. ஆனால் சப்பரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது, பைக்குக்கு உண்டு. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வேகத்தடையில் குட்டியானை ஏறி இறங்கும்போது பைக்கின் முன் ஃபோர்க் அமுங்கி எழும்பும். அமுங்குகிற அந்தக் கணத்தில் கயிறு தொய்யும், கொக்கி கழன்றுகொள்ளும். எத்தனை முடிச்சுப் போட்டாலும் இதைத் தடுக்க முடியாது. தடுக்க வழி, கட்டும்போதே ஃபோர்க்கைப் பாதியளவு அமுக்கி அந்த நிலையிலேயே இறுக்குவது. அப்போது ஸ்பிரிங் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், பெல்ட் விறைப்பாகவே நிற்கும். முழுக்க அமுக்கிவிடாதீர்கள், ஃபோர்க் ஆயில் சீல் போய்விடும்.

நைலான் கயிறு இழுபடும், முடிச்சும் வழுக்கும். பழைய சைக்கிள் டியூபைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது இழுபடுவதற்கென்றே பிறந்தது. பெயிண்டு உரசாமல் இருக்கச் சுற்றிவிடலாம், அவ்வளவுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ராட்செட் பெல்ட் நாலு வாங்கிவையுங்கள், ஊரில் பத்துப் பேர் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். முன்னால் இரண்டு பெல்ட், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் டி பிளேட்டிலிருந்து இடமும் வலமுமாக, முன்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுக்கிற மாதிரி. பின்னால் இரண்டு, சேஸிலிருந்தோ பின் ஃபுட்ரெஸ்ட் சேஸோடு சேரும் இடத்திலிருந்தோ. ஹேண்டில்பார் நுனி, கண்ணாடி, இண்டிகேட்டர், சேலை கார்டு, சைலன்சர் இவற்றில் கொக்கி போடாதீர்கள். வளையும், உடையும், பெல்ட் கருகும்.

முன்சக்கரம் கேபினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் நேராக முட்டி நிற்க வேண்டும், நடுவில் ஒரு சாக்கு மடித்துப் போட்டு. சைடு ஸ்டாண்டையும் சென்டர் ஸ்டாண்டையும் மடக்கிவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டு முன்னோக்கிய ஒரு குலுக்கலிலேயே மடங்கிவிடும்; சைடு ஸ்டாண்டில் நின்றால் முழுப் பாரமும் ஒரே பக்கம் போய் பெல்ட்டுகள் சமமாக இழுக்காது. இரண்டு சக்கரத்தில், நாலு பெல்ட்டில், செங்குத்தாக நிற்க வேண்டும். முதல் கியரில் போட்டு, முன்பிரேக் லீவரை ரப்பரால் கட்டிவிடுங்கள். பெட்ரோல் டேப் உள்ள வண்டியானால் அதை மூடுங்கள். படுக்கவைத்துக் கொண்டுபோவது ஆகவே ஆகாது, பெட்ரோலும் ஆயிலும் பேட்டரித் தண்ணீரும் வெளியேறும்.

குட்டியானையின் பின்தட்டு சுமார் 7 அடி நீளம். சாதாரண பைக் ஆறரை அடி. நேராக நிறுத்தினால் பின்கதவு மூடும். பாதி வண்டி வெளியே தொங்க, கதவைத் திறந்துபோட்டுப் போவதற்கு அவசியமே இல்லை. அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் ₹20,000 அபராதம் என்கிறது 194ஆம் பிரிவு.

ஏற்றுவதற்கு நம் ஊர்களில் பலகையைவிட நல்ல வழி ஒன்று பழக்கத்தில் இருக்கிறது. கண்மாய்க் கரையோ மேட்டுத் திடலோ பார்த்து வண்டியைப் பின்னால் கொண்டுபோய் ஒட்டினால் தட்டும் தரையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இரண்டு பேர் தள்ளி ஏற்றலாம். இன்ஜினைப் போட்டுப் பலகையில் ஓட்டி ஏற்றுகிற சாகசம் வேண்டாம். டிராக்டர் டிரெய்லருக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது, குலுக்கல் முழுவதும் பைக்குக்குத்தான் போகும். வேறு வண்டி கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் முதல் சில கிலோமீட்டரில் எல்லாம் தன் இடத்தில் அமர்ந்து, பெல்ட் கொஞ்சம் இளகும். திருமங்கலம் போகிறவர்கள் குன்னத்தூரில் ஒருமுறை ஓரங்கட்டுங்கள். ராட்செட்டில் இரண்டு மூன்று பல் ஏறும். அதை இறுக்க அந்தப் பையனையே அனுப்பலாம், கேபினிலிருந்து இறங்கி வரட்டும்.