குழு என்றால் பயந்த காலம்

நான் முதன்முதலாகச் சம்பளத்துக்கு வேலைக்குப் போனபோது எனக்கு வயது 38. அதற்கு முன் சும்மா இருந்தேன் என்று அர்த்தமல்ல. 2010இல் முகாமிலிருந்து கிளிநொச்சியில் உள்ள எமது காணிக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து, கணவர் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் செய்யாத வேலை இல்லை. வாழ்வாதார உதவியாகத் தந்த கோழிகளை வளர்த்தேன். நோய் வந்து ஒரே கிழமையில் எல்லாம் செத்துப்போயின. கச்சான் பிடுங்கினேன், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்தேன். ஆனால் காலை எட்டு மணிக்கு ஓர் இடத்துக்குப் போய், வேறு பெண்களோடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்து, மாதம் முடியச் சம்பளம் எடுப்பது எனக்குப் புதிது.

அந்த இடமும் புதிதுதான். அறிவியல்நகர் விவசாய பீடத்தில் படித்து முடித்த ஒரு பிள்ளை, அரசாங்க வேலைக்குக் காத்திராமல் 2021இல் தானே தொடங்கிய சிறிய நிறுவனம் அது. தகப்பனாரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அரைக்கும் இயந்திரம் ஒன்று, பொலித்தீன் பைக்கற்றுக்குச் சீல் வைக்கும் இயந்திரம் ஒன்று, தராசு ஒன்று. கறித்தூள், ஒடியல் மா, குரக்கன் மா என்று மூன்று பொருட்கள். வேலைக்கு ஏழு பெண்கள். எங்களில் ஆறு பேர் முதலாளியை விட வயதில் மூத்தவர்கள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே முதல் பிரச்சினை. நாங்கள் "மிஸ்" என்றோம். இரண்டாம் நாளே அவர் சொன்னார்: "அக்கா, நான் உங்களுக்குப் படிப்பிக்க வரேல்லை. பிள்ளை எண்டே கூப்பிடுங்கோ." அப்படியே கூப்பிடத் தொடங்கினோம். அவரும் எங்கள் எல்லோரையும் அக்கா என்றுதான் அழைத்தார். ஒரு நாளும் "நீ" என்று சொன்னதில்லை.

முதல் சனிக்கிழமை அவர் "இனி நாங்கள் ஒரு குழு" என்றபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்று இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. நுண்கடன் எடுத்தவர்களுக்குக் குழு என்றால் என்னவென்று தெரியும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும். காசு வரும்வரை ஒருவரும் எழும்பிப் போக முடியாது. கூட்டம் நடக்கும் வீட்டு முற்றத்தில் உச்சி வெயில் வரும்வரை இருந்திருக்கிறோம். என் சொந்த மச்சாளையே எல்லோருக்கும் முன்னால் பேசியிருக்கிறேன், 850 ரூபாவுக்காக. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. கடனுக்கு அறிவித்தல் வந்தது, மச்சாளோடு கதை விட்டுப்போனதற்கு யார் தள்ளுபடி தருவது? ஆகவே குழு என்ற சொல்லைக் கேட்டதும், யாருடைய பிழைக்கு நான் கட்டப் போகிறேன் என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

அடுத்து நடந்தது நான் எதிர்பாராதது. அவர் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து அந்த மாதக் கணக்கை எழுதினார். செத்தல் மிளகாய்க்கு எவ்வளவு, மல்லிக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு, எமது சம்பளம் எவ்வளவு, வங்கிக் கடன் எவ்வளவு. மிஞ்சியது மிகவும் சொற்பம். முதலாளி தன் கணக்கைத் தொழிலாளிக்குக் காட்டுவதை அன்றுதான் கண்டேன். ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் அன்றே விளங்கப்படுத்தினார்: எமது சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும், நிறுவனம் தன் பங்காக 12 வீதம் சேர்க்கும், அதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனமே 3 வீதம் கட்டவேண்டும். பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியை எடுக்கலாம். எனக்கு அதற்கு 12 வருடம் இருந்தது. என் பெயரில் எங்கோ ஒரு காசு வளரும் என்பதைப் பல தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். (வேலைக்குப் போகும் சகோதரிகள் தமது அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கவேண்டும். சம்பளத்தில் கழித்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு.)

வேலையைப் பங்கிட்ட விதத்தையும் சொல்லவேண்டும். எங்களில் ஒருத்திக்கு வலது தோளில் செல்துண்டு இன்னும் இருக்கிறது. வறுக்கும் தாச்சியில் அகப்பையைப் பிடித்துக் கிளற அவளால் ஏலாது. வேறு இடங்களில் இதைச் சொல்லாமல் மறைத்து வேலைக்குச் சேர்ந்து, இரண்டு கிழமையில் நின்றுவிடுவாளாம். இங்கே முதல் நாளே "உங்களுக்கு எந்த வேலை ஏலும், எது ஏலாது?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கப்பட்டது. அவள் தராசுக்குப் போனாள். இன்றுவரை அவள் நிறுத்த பைக்கற்றில் ஒரு கிராம் கூடிக் குறைந்ததில்லை. இன்னொரு அக்கா மே மாதம் நடுப்பகுதியில் சில நாட்கள் வரமாட்டா. அவவின் பங்கு வேலையை யார் செய்வது என்று கூட்டம் போடுவதில்லை. யாராவது செய்துவிடுவோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2022 மார்ச் மாதம் நாட்டில் மின்வெட்டு. மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. டீசலும் இல்லை. அந்த நேரத்தில் வவுனியாவில் ஒரு கடைக்காரர் 180 பைக்கற்று கறித்தூள் கேட்டிருந்தார். மறுநாள் காலை ஆறு மணி பஸ்ஸில் ஏற்றவேண்டும். அரைபட்டு வரும் தூள் கைவைத்தால் சுடும். அதைத் தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, அரித்து, நிறுத்து, பிறகுதான் சீல் வைக்கவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே ஆவி வேர்த்துத் தூளில் இறங்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் முக்கால் மணித்தியாலத்தில் மின்சாரம் நின்றுவிடும், நின்றால் சீல் இயந்திரம் இல்லை. நான் கட்டினேன். ஒருவரையும் கேட்கவில்லை.

பத்து நாளில் கடைக்காரர் தொலைபேசி எடுத்தார். தூள் கட்டி பிடித்துவிட்டதாம், சிலதில் பூஞ்சணமாம். 45 கிலோ. எங்களில் இரண்டு பேரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. விடியப் போகாமல் நின்றுவிடுவோமா என்றுகூட நினைத்தேன். மகள்தான், "அம்மா, போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் போகாட்டி வேற ஆரையும் பிழையா நினைப்பினம்" என்றாள்.

போய்ச் சொன்னேன். பிள்ளைக்கும் முகம் வாடித்தான் போனது; பொய் சொல்லக்கூடாது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எல்லோரையும் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

"அக்கா, சூட்டோட கட்டக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்ச ஆள் ஏன் கட்டவேண்டி வந்தது?"

"கரண்ட் போகப்போகுது, காலமை பஸ்."

"அந்த நேரத்தைக் குறிச்சது ஆர்? நான்தானே. மின்வெட்டு அட்டவணையைப் பாக்காமல் ஓம் எண்டு சொன்னது நான்."

ஒருத்தி மெதுவாக, திரும்பி வந்த பைக்கற்றுகளைக் காயவைத்து, மறுபடி வறுத்துக் கட்டினால் என்ன என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. பிள்ளை மறுத்துவிட்டார். சில பூஞ்சணங்கள் மிளகாயில் உண்டாக்கும் நஞ்சு வெயிலிலோ வறுப்பதிலோ போகாது, ஈரலைப் பாதிக்கும் என்று விளங்கப்படுத்தினார். பின்வளவில் கிடங்கு வெட்டி 45 கிலோவையும் புதைத்தோம். தும்மித் தும்மி மண் தள்ளினோம். என் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கப்படவில்லை.

அன்றுதான் "பிழைக் கொப்பி" ஒன்று தொடங்கினோம். என்ன நடந்தது, எத்தனை கிலோ, ஏன் நடந்தது, இனி என்ன செய்வது என்று எழுதவேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை. அதோடு ஒரு முடிவும் எடுத்தோம்: தூள் ஆறவில்லை, பாத்திரத்தில் ஈரம் இருக்கிறது என்று கண்டால் யாரும் வேலையை நிறுத்தலாம், பிள்ளையின் அனுமதி தேவையில்லை.

மின்வெட்டுக்கு வழி சொன்னவர்கள் நாங்கள். வன்னியில் மின்சாரம் இல்லாமல் எத்தனை வருடம் இருந்தோம்! ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களுக்கு இது ஒரு கஷ்டமா? மின்சாரம் இருக்கும் நேரத்தில் அரைப்பதை மட்டும் செய்வோம், ஆறவிடுவதும் அரிப்பதும் நிறுப்பதும் மற்ற நேரத்தில் என்று வேலையைத் திருப்பிப் போட்டோம். எங்களில் மூத்த அக்கா, மெழுகுதிரிச் சுவாலையில் ஒரு பழைய வாள் அலகை வைத்துப் பொலித்தீன் வாயை ஒட்டிக் காட்டினா. பட்டம் படித்த பிள்ளை அவவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதைப் பழகினார். முதல் ஐந்தாறு பைக்கற்று ஓட்டைதான்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தீபாவளிக்கு முன் ஒரு தடவை எங்களைக் கேட்காமலே பெரிய ஓடர் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டார். இரவு எட்டு மணி வரை நிற்கவேண்டி வந்தது. கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பால் கட்டி அழுதாள். அதையும் கொப்பியில் எழுதினோம். எழுதியது நான். அடுத்த சனிக்கிழமை அவர் அதைத் தானே வாசித்து, இனி ஐந்து மணிக்குப் பிறகு வேலை என்றால் முதலில் எங்களைக் கேட்பதாகச் சொன்னார். பெரும்பாலும் கேட்கிறார்.

2022 ஜூனில் சம்பளம் முழுதாகத் தர முடியாமல் போனது. மூன்று கிழமைக்கு முன்பே கரும்பலகையில் எழுதிக் காட்டினார். எல்லோருக்கும் பாதி, தனக்கு ஒன்றுமில்லை. மிகுதியை ஒக்டோபரில் தந்து முடித்தார். ஒருத்தியும் வேலையை விட்டு நிற்கவில்லை. முன்கூட்டியே தெரிந்ததால் நான் பிள்ளைகளின் வகுப்புக் காசுக்குத் தவணை கேட்க முடிந்தது. கடனுக்குப் போகவில்லை.

இப்போது நாங்கள் பதினொரு பேர். புதிதாக வருபவர்களைப் பழக்குவது என் பொறுப்பு. அண்மையில் சேர்ந்த ஒரு பிள்ளை மல்லியைக் கருக்கிவிட்டு, அதை ஒரு சாக்கின் கீழே மறைத்து வைத்திருந்தாள். மணம் காட்டிக் கொடுத்துவிட்டது. கேட்டதும் நடுங்கத் தொடங்கினாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருத்தினேன். அடுப்பு ஒரு பக்கம் கூட எரிவதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லவேண்டியது நான்.

கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். பேனையைப் பிடித்தபடி, "அன்ரி, பேர் எழுதவேணுமோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம். எத்தனை கிலோ எண்டு எழுதும். அடுப்பைப் பற்றியும் எழுதும்."