பொட்டலச் சாப்பாடா, வீட்டுச் சமையலா? கணக்கில் விடுபட்ட ஒன்றரை மணி நேரம்

"இன்னிக்குச் சமைக்கலாமா, பொங்குஸ் பண்ணிடலாமா?"

மாலை ஆறு மணிக்கு மேல் டுரியான் துங்கால் வட்டாரத்தில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. ஆயர் கெரோவிலோ பத்து பிரண்டாம் தொழிற்சாலையிலோ வேலை முடிந்து கணவனும் மனைவியும் வீடு திரும்பும் நேரம். யூதெம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் வாடகை வீட்டில் கைப்பேசியைப் புரட்டி, எந்தக் கடையில் என்ன இருக்கிறது என்று தேடும் நேரமும் அதுதான்.

வானொலி நிகழ்ச்சியில் ஒரு நாள் இந்தக் கேள்வியை நேயர்களிடம் வைத்தேன். உடனே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. "வீட்டில் சமைத்தால் பாதிக் காசு மிச்சம்" என்றது ஒரு கட்சி. "விற்கிற விலைவாசிக்குக் கடையில் வாங்குவதே மலிவு" என்றது மற்றொன்று. இரு தரப்பும் அடித்துப் பேசின. ஆனால் கையில் பேனா எடுத்துக் கணக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு. ஆகவே நானே போட்டுப் பார்த்தேன்.

நால்வருக்கு ஓர் இரவுச் சாப்பாடு

சோறு, கோழிக் குழம்பு, ஒரு கீரைப் பிரட்டல், ரசம். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எங்கள் பக்கத்துக் கடை விலையில் ஆகும் செலவு இது.

அரிசி 400 கிராம், கிலோ 4 ரிங்கிட் என்று வைத்தால் 1.60 ரிங்கிட். கோழி 700 கிராம், கிலோ 10 ரிங்கிட் வீதம் 7 ரிங்கிட். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, மசாலா, எண்ணெய் எல்லாம் சேர்த்து 3 ரிங்கிட். கீரை 2.50. ரசத்துக்குப் புளி, மிளகு, பருப்பு, மல்லி என 1.50. எரிவாயுவையும் விடக்கூடாது. 14 கிலோ தோம்பின் கட்டுப்பாட்டு விலை 26.60 ரிங்கிட், அதாவது கிலோ 1.90. இந்தச் சமையலுக்குச் சுமார் 60 சென் போதும்.

மொத்தம் 16.20 ரிங்கிட். ஆளுக்கு 4 ரிங்கிட் 5 சென்.

இதே சாப்பாட்டைக் கோழியோடு பொட்டலமாகக் கட்டினால் ஆளுக்கு 11 ரிங்கிட் என்று வைப்போம். நால்வருக்கு 44 ரிங்கிட். வித்தியாசம் 27.80. உங்கள் ஊரில் விலை ஒன்றிரண்டு ரிங்கிட் ஏறலாம், இறங்கலாம். ஆனாலும் நால்வர் சாப்பிடும் வீட்டில் கடைச் சாப்பாடு வீட்டுச் சமையலை விட மலிவு என்று யாரும் சொல்ல முடியாது.

கைப்பேசிச் செயலி வழியாக வரவழைத்தால் இடைவெளி இன்னும் கூடும். அனுப்பும் கட்டணம் ஒரு பக்கம். செயலி நிறுவனத்துக்குக் கடைக்காரர் தரகு கொடுக்க வேண்டியிருப்பதால், கடையில் ஒரு விலையும் செயலியில் கூடுதல் விலையுமாக வைப்பவர்கள் உண்டு.

கடைக்காரர் கொள்ளை அடிக்கிறாரா?

இல்லை. கோழிக்கான விலைக் கட்டுப்பாடும் உதவித்தொகையும் 2023 நவம்பர் 1-ஆம் தேதியோடு முடிந்தன. முட்டைக்கான உதவித்தொகை 2025 மே மாதம் பாதியாகக் குறைக்கப்பட்டு, ஆகஸ்டு 1-ஆம் தேதி முற்றாக நீக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. தொழிலாளிக்கு அது நல்ல செய்தி. ஆனால் கடைக்காரருக்குச் சமையல்காரர், பாத்திரம் கழுவுபவர், பரிமாறுபவர் எல்லாருக்கும் கூடுதல் செலவு. வாடகை, மின்சாரம், பொட்டலப் பெட்டி எல்லாம் அந்த 11 ரிங்கிட்டுக்குள் வர வேண்டும். 2023 ஜனவரி 31-ஆம் தேதி அரசாங்கம் 5 ரிங்கிட் 'ரஹ்மா மெனு' திட்டத்தைத் தொடக்கியபோது, அந்த விலை கட்டுப்படியாகுமா என்று கடைக்காரர்கள் யோசித்ததற்கும் காரணம் இதுதான்.

கடையில் நாம் கொடுக்கும் காசில் கணிசமான பங்கு இன்னொருவரின் உழைப்புக்குப் போகிறது. நம் வீட்டில் அந்த உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை.

ஓர் அக்காவின் கேள்வி

அன்றைய நிகழ்ச்சியில் கடைசியாக அழைத்த ஓர் அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தங்கச்சி, கோழிக்கு விலை போடுறீங்க, அரிசிக்கு விலை போடுறீங்க. நானும் வேலைக்குப் போய்ட்டு வந்து ஒன்றரை மணி நேரம் அடுப்பு முன்னால நிக்கிறேனே, அதுக்கு என்ன விலை?"

சரியான கேள்வி. ஆகவே அதற்கும் விலை போட்டேன். 1,700 ரிங்கிட்டை 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 8.17 ரிங்கிட். நறுக்கி, சமைத்து, பாத்திரம் கழுவி முடிக்க ஒன்றரை மணி நேரம். அதன் மதிப்பு சுமார் 12.25 ரிங்கிட். இதையும் சேர்த்தால் நால்வரின் வீட்டுச் சாப்பாடு 28.45 ஆகிறது. அப்போதும் 44 ரிங்கிட் பொட்டலத்தை விட 15 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடும்பம் மிச்சம் பிடித்ததாக நினைத்த 27.80 ரிங்கிட்டில் 12.25 உண்மையில் மிச்சமே அல்ல. அந்த அக்காவின் கால் வலியும் முதுகு வலியும்தான் அந்தப் பணம்.

நம் பாட்டிமார் காலத்திலும் இதுதான் நடந்தது. பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி, சோறு வடித்து, தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு, ஆணுக்குச் சமமாக மரம் வெட்டப் போனார்கள். சம்பளம் மரத்துக்குத்தான் கிடைத்தது. அடுப்படி வேலை எந்தச் சம்பளப் புத்தகத்திலும் ஏறவில்லை. தோட்டம் செம்பனையாக மாறிவிட்டது, பலர் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். அந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை.

தனியாக இருப்பவர்களுக்கு

வாடகை அறையில் தனியே இருக்கும் இளைஞருக்குக் கணக்கு வேறு. ஒருவருக்கு மட்டும் ஒரு வேளை சமைத்தால் பொருள் செலவே 7.40 ரிங்கிட் வரை போகிறது. ஒரு கட்டுக் கீரையில் பாதி வாடிக் குப்பைக்குப் போகும். ஒரு மணி நேரத்தையும் சேர்த்தால் 15 ரிங்கிட்டைத் தாண்டும். இங்கே 11 ரிங்கிட் பொட்டலமே மலிவு.

அதே இளைஞர் ஒரே சமையலில் மூன்று வேளைக்கு ஆக்கி, இரண்டைப் பெட்டியில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், நேரத்தையும் சேர்த்து வேளைக்குச் சுமார் 8 ரிங்கிட்தான் ஆகிறது. ஒரு முறை அடுப்பு மூட்டினால் எத்தனை தட்டு நிறைகிறது என்பதே இங்கு முக்கியம்.

உண்மையான ஓட்டை காலையில்

வாரம் ஒரு நாள் குடும்பத்தோடு வெளியே வாங்கிச் சாப்பிடுவதற்குப் பலர் குற்ற உணர்ச்சி கொள்கிறார்கள். மேலே போட்ட கணக்குப்படி அதனால் மாதத்துக்குக் கூடும் செலவு 111 ரிங்கிட் அளவு. ஆனால் யாரும் கவனிக்காதது காலைப் பசியாறல்.

இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். 5.60 ரிங்கிட் என்று வைப்போம். கணவன், மனைவி இருவரும் மாதத்தில் 22 வேலை நாள் இப்படிப் பசியாறினால் 246.40 ரிங்கிட். வீட்டில் தோசை, சட்னி, முட்டை, தேநீர் என்றால் ஆளுக்கு 2 ரிங்கிட் போதும், மாதம் 88. மிச்சம் 158.40. மாவை வார இறுதியில் ஒரு முறை அரைத்துவிட்டால் காலையில் பெரிய வேலையும் இல்லை. சீனி எவ்வளவு போடுவது என்பதும் நம் கையில். நீரிழிவு அதிகம் உள்ள நம் சமூகத்துக்கு இதுவும் ஒரு வரவுதான்.

நடுவழியும் உண்டு

களைத்து வரும் நாளில் சோறு மட்டும் வீட்டில் வையுங்கள். பானையில் அரிசியைக் களைந்து போட ஐந்து நிமிடம். நால்வருக்கு 1.60 ரிங்கிட்தான். கடையில் நான்கு துண்டுக் கோழிக் குழம்பும் ஒரு காய்கறியும் வாங்கினால் ஏறக்குறைய 28 ரிங்கிட். 44 போக வேண்டிய இடத்தில் 30-க்குள் முடிந்துவிடும். யாரும் ஒன்றரை மணி நேரம் நிற்கவும் வேண்டாம்.

சமைக்கும் நாளில் ஒருவர் நறுக்கட்டும், ஒருவர் தாளிக்கட்டும், பிள்ளைகள் பாத்திரம் கழுவட்டும். ஒன்றரை மணி நேர வேலை மூன்றாகப் பிரிந்தால் ஆளுக்கு அரை மணி நேரம்.

வரும் வாரம் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். முதல் கட்டத்தில் எவ்வளவு காசு, இரண்டாவதில் எத்தனை நிமிடம், மூன்றாவதில் யார் செய்தது என்று எழுதுங்கள். ஏழு நாள் கழித்துக் குடும்பமாக உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது கட்டத்தில் ஏழு நாளும் ஒரே பெயர் இருந்தால், எட்டாம் நாள் சமையல் வேறொருவருடையது. அவருக்குச் சமைக்கத் தெரியாதென்றால், அன்றைய பொட்டலத்துக்கு அவரே காசு கொடுக்கட்டும்.