மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள்!

மலேசியாவின் மெர்சிங்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் தியோமான் தீவுக்குப் போகும் படகைத்தான் தேடுகிறார்கள். தீவு எங்கேயும் ஓடிவிடாது. நீங்கள் என்னோடு மீன்பிடிப் படகுகள் நிற்கும் பக்கம் வாருங்கள்! சங்கராவும் களவாயும் ஐஸ் பெட்டிக்குள் போன பிறகு வலையின் அடியில் என்ன மிஞ்சும் தெரியுமா? விரல் நீளக் காரல், நசுங்கிய நண்டு, குட்டிக் கணவாய், பெயரே தெரியாத முள்ளு மீன். இங்கே இக்கான் பாஜா என்பார்கள்; ராமேஸ்வரத்துக்காரர் பார்த்தால் சங்காயம் என்பார். சமையலுக்கு யாரும் வாங்காத இந்தக் குவியலைக் கண்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. இப்படிப்பட்ட குவியல்தான் மீன்தூளாகி, கோழிக்கும் இறாலுக்கும் வளர்ப்பு மீனுக்கும் தீவனமாகிறது. அதற்கு நடுவே, வெளியே யாருக்கும் தெரியாமல், ஒரு வைரஸ் வேட்டை நடக்கிறது!

செத்த மீனில் வைரஸா? ஆமாம். நண்டிலும் சிற்றிறாலிலும் வெண்புள்ளி நோய் வைரஸ் இருக்கலாம். 1990களில் ஆசியா நெடுக இறால் குளங்களைக் காலி செய்தது அதுதான். தமிழ்நாடு, ஆந்திரக் கரையோரப் பண்ணைகளும் அதில் தப்பவில்லை. கொடுவாய்க் குஞ்சுகளையும் களவாய்க் குஞ்சுகளையும் கிறுகிறுத்துச் சுழலவைத்துக் கொல்லும் நரம்பு வைரஸ் ஒன்று, வேறு பல கடல் மீன்களில் நோயே காட்டாமல் பதுங்கியிருக்கும். கூண்டில் மீன் வளர்ப்பவர் சங்காயத்தைப் பச்சையாக நறுக்கி வீசினால், வைரஸைக் கையாலேயே ஊட்டிவிட்ட மாதிரிதான்.

ஆனால் நமக்குச் சாதகமாக ஒன்று இருக்கிறது. வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள செல் வேண்டும். பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், தீவனத்திலேயே குடும்பம் நடத்தும். வைரஸால் அது முடியாது, காத்திருக்க மட்டுமே முடியும்.

சரி, மீன்தூள் ஆலை ஒன்றுக்குள் நுழைவோம். முதலில் வாடை. அது மூக்கில் ஏறாது, சட்டையில் ஏறும். வீடு வரைக்கும் கூடவே வரும். கொட்டும் தொட்டியிலிருந்து மீன் நேராக ஒரு நீண்ட எஃகு உருளைக்குள் விழுகிறது. உள்ளே ஆளுயரத் திருகு ஒன்று மெதுவாகச் சுழன்று மீனைத் தள்ளிக்கொண்டே போகிறது. சுற்றிலும் கொதிக்கும் நீராவி. 90 டிகிரியைத் தாண்டிய சூட்டில் கால் மணி நேரம், இருபது நிமிடம் வெந்து மறுமுனையில் வந்து விழும்போது புரதம் உறைந்திருக்கும், எண்ணெய் பிரிந்திருக்கும். வெண்புள்ளி வைரஸுக்கு 60 டிகிரியில் 1 நிமிடமே போதும், கதை முடிந்தது. பின்னே எதற்கு இவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். ஓரத்து இட்லி வெந்தும் நடுவில் மாவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்காகத்தான்! பெரிய துண்டின் நடுமையத்துக்குச் சூடு கடைசியாகத்தான் போய்ச் சேரும். அந்தக் கடைசித் துணுக்கும் வெந்தாக வேண்டும். எல்லா வைரஸும் வெண்புள்ளி வைரஸைப் போல நோஞ்சானும் அல்ல. கொழுப்பு உறை இல்லாத வைரஸ்கள் சூட்டை நன்றாகவே தாங்கும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது: திருகின் வேகம். மீன் மலையாகக் குவிந்துவிட்ட நாளில் திருகைக் கொஞ்சம் வேகமாகச் சுழற்றினால் வேலை சீக்கிரம் முடியும். வெப்பமானியில் எண் மாறாது. ஆனால் மீன் ஆவிக்குள் இருக்கும் நேரம் குறைந்துவிடும்! அதனால் சூட்டை மட்டும் குறித்துவைப்பது போதாது. சூடு, நேரம், துண்டின் அளவு மூன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒரு ஆலையைப் பார்க்கப் போனால் அந்தப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்ட வேண்டும் என்பேன்.

வெந்த மீன் பிழியப்படுகிறது. வடிந்த நீரிலிருந்து எண்ணெயைப் பிரித்து, மிச்சத்தைச் சுண்டக் காய்ச்சி மறுபடி சக்கையிலேயே சேர்க்கிறார்கள். அதிலும் புரதம் இருக்கிறதே. பிறகு உலர்த்தல், அரைவை. நாலைந்து கிலோ மீனுக்கு 1 கிலோ தூள்தான் தேறும். உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள்: பொன் பழுப்பு நிறம், சுட்ட கருவாட்டு மணம், ஈரம் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. மீன் கொழுப்பு காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் கெடாமல் தடுக்கும் மருந்தும் கலக்கிறார்கள்.

வேட்டை முடிந்ததா? இல்லை! வைரஸைக் கொல்வது எளிது. கொன்ற பிறகு மறுபடி உள்ளே விடாமல் இருப்பதுதான் கடினம். நல்ல ஆலையின் நடுவில் ஒரு சுவர் இருக்கும். இந்தப் பக்கம் பச்சை மீன், அந்தப் பக்கம் வெந்த தூள். பூட்ஸ் வேறு, மண்வெட்டி வேறு, தள்ளுவண்டி வேறு, ஆட்களும் வேறு. பச்சை மீன் ஏற்றி வந்த லாரியைக் கழுவாமல் அதிலேயே தூள் மூட்டையை ஏற்றினால், அத்தனை நீராவியும் வீண். அந்தச் சுவரின் ஓரம் நின்று, ஒருவர் பூட்ஸ் மாற்றிக்கொண்டு கடப்பதைப் பார்ப்பதுதான் எனக்குத் திருவிழா!

மீனை விட்டுப் பன்றிக்குப் போனால் ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கிறது. பால் மறந்த குட்டிகளுக்குப் பன்றி ரத்தத்தின் தெளிநீரைப் பொடியாக்கிக் கொடுப்பதுண்டு. வெந்நீராவியில் ரத்தத்தை வேகவைத்தால் அதன் சத்தான புரதங்கள் கெட்டுவிடும். அதனால் அனல் காற்றுக்குள் மெல்லிய துளிகளாகப் பீய்ச்சுகிறார்கள். சில நொடிகளில் துளி பொடியாகிறது. 2014 பிப்ரவரியில் கனடாவில் இப்படிப்பட்ட பொடி ஒன்றில் பன்றிக் கழிச்சல் வைரஸ் உயிரோடு இருந்தது சோதனையில் தெரிந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் விதி போட்டது: பொடி முழுவதும் 80 டிகிரியைத் தொட வேண்டும், ஈரம் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, பிறகு உலர்ந்த கிடங்கில் அறை வெப்பத்தில் 6 வாரம் சும்மா கிடக்க வேண்டும். அந்தச் சும்மா கிடப்பதுதான் மருந்து! கதகதப்பான உலர்ந்த இடத்தில் அந்த வைரஸ் நாளுக்கு நாள் நசிந்துபோகும். குளிரில் வைத்தால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும்.

மலேசியாவுக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. 2021இல் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. அந்த வைரஸும் தீவனத்தோடு வராமலிருக்க, உணவு எச்சத்தைப் பன்றிக்குப் போடுவதானால் 90 டிகிரியில் 1 மணி நேரம் விடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும் என்பது உலக விலங்கு நல அமைப்பின் அளவு. கிளறாமல் விட்டால் அண்டாவின் ஓரம் கொதிக்கும், நடு ஆறிக் கிடக்கும்.

இப்போது தியோமானுக்கே போகலாம், வாருங்கள்! 1998, 99இல் மலேசியாவில் பன்றிகள் வழியே பரவிய நிப்பா வைரஸ் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் அழிக்கப்பட்டன. வைரஸைக் கண்டெடுத்த மருத்துவர் சுவா கோ பிங்கும் அவர் குழுவும் அதன் ஊற்றைத் தேடி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, மெர்சிங்கிலிருந்து படகேறும் இதே தீவு. பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, விழும் சிறுநீரைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் பஞ்சால் ஒற்றி எடுத்தார்கள். இரண்டிலுமே நிப்பா கிடைத்தது! கூடவே அதுவரை யாரும் அறியாத இன்னொரு வைரஸும் சிக்கியது. அதற்குத் தியோமான் வைரஸ் என்றே பெயர்.

நோய் கண்ட பண்ணைகளில், பன்றிக் கொட்டகைகளின் ஓரத்தில் பழமரங்கள் நின்றன. வௌவாலின் எச்சிற்பழம் கொட்டகைக்குள் விழுந்தது. பன்றி தின்றது என்பதுதான் ஆய்வாளர்கள் கட்டியெழுப்பிய விளக்கம். ஆலை இல்லை, மூட்டை இல்லை, யாரும் தீவனம் என்று நினைத்துப் போடவும் இல்லை; ஆனாலும் பன்றியின் வாய்க்குப் போனதால் அது தீவனம்தான். அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரத்துக்கு நீராவி வேண்டாம், அனல் காற்று வேண்டாம்: பழமரத்தைக் கொட்டகையிலிருந்து தள்ளி நடு, கூரைக்கு வெளியே பன்றியைத் தின்னவிடாதே.