துப்பறி நாவலும் வாசகர் நம்பிக்கையும்

துப்பறி நாவல் கல்லூரி மலரொன்றில் ஆராய்தற்குரிய பொருளாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். புகைவண்டிப் பயணத்திற் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச் செல்லப்படும் நூல்களைப் பற்றி எழுதப் புகுவானேன் என அவர் வினாவுதலுங் கூடும். ஆயினும், ஒரு நூலைப் படித்து முடித்தோருள் ஒரு சாரார் ஆசிரியர் தம்மை ஏமாற்றிவிட்டார் என வெகுள்வதும், மற்றொரு சாரார் அக்காரணம் பற்றியே அவரைப் புகழ்வதும், அவ்வழக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக முடிவுறாது நீடிப்பதும் உண்டாயின், அந்நூலை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. கதை கேட்போன் கதை சொல்வோனிடத்து வைக்கும் நம்பிக்கைக்கு எல்லை யாது என்பதே அவ்வழக்கின் உட்பொருள்.

நாம் கருதும் நூல் அகதா கிறிஸ்ரி அம்மையார் இயற்றிய 'றோஜர் அக்றொயிட்டின் கொலை' என்பதாம். அது 1925ஆம் ஆண்டில் இலண்டன் மாலைப் பத்திரிகையொன்றிற் தொடர்கதையாக வெளிவந்து, 1926இல் நூலுருப் பெற்றது. அதன் முடிவைக் கூறாது இக்கட்டுரையை எழுதுதல் இயலாது. ஆதலின், அந்நூலை இனிமேற் படிக்க எண்ணியிருப்போர் முன்னர் அதனைப் படித்து, பின்னர் இதனைப் படிப்பாராக.

கிங்ஸ் அபட் என்னும் ஆங்கிலச் சிற்றூரில் வாழ்ந்த செல்வர் அக்றொயிட், ஓரிரவு தம் வாசிப்பறையிற் குத்திக் கொல்லப்படுகிறார். தொழிலினின்றும் ஓய்வு பெற்று அவ்வூரிலே காய்கறி பயிரிட்டுக்கொண்டிருந்த துப்பறிவாளர் புவாறோ, கொலையை ஆராயும் பொறுப்பை ஏற்கிறார். கதையைச் சொல்பவர் அவ்வூர் வைத்தியர் செப்பேட். ஒரு பெண்ணின் தற்கொலை, அவள் இறக்குமுன் எழுதிய கடிதம், இரவு பத்தேகால் மணிக்கு வரும் தொலைபேசி அழைப்பு, காணாமற்போன இளைஞன், சாளரத்தடியிற் காலடித் தடம், குளத்திலிருந்து கிடைக்கும் மோதிரம் என நிகழ்ச்சிகள் ஒன்றன்மேலொன்றாக விரைந்து வருகின்றன. வீட்டிலுள்ளார் ஒவ்வொருவரும் எதையோ மறைக்கின்றனர். ஒவ்வொரு மறைப்பும் வெளிப்படுந்தோறும் நம் ஐயம் ஒருவரைவிட்டு இன்னொருவரைப் பற்றுகிறது. ஈற்றிற் கொலைஞர் யாரெனப் புலனாகும்போதே, நாம் ஒருபோதும் ஐயுறாத ஒருவர் எஞ்சியிருந்தார் என உணர்கிறோம். அவர், இதுகாறும் நமக்குக் கதை சொல்லி வந்த செப்பேட்டே.

வாசகர் அவரை ஐயுறாமைக்குக் காரணம் உண்டு. ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளை உடனுறை நண்பராகிய வைத்தியர் வாட்சன் சொல்லும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. கிறிஸ்ரி அம்மையாரும் 1920இல் வெளிவந்த தம் முதல் நாவலிற் புவாறோவுக்குக் கப்டன் ஹேஸ்ரிங்ஸ் என்னும் நண்பரை அமைத்து, அவர் வாயிலாகவே கதையை நடத்தினார். இத்தகைய நண்பர் சற்று மந்தமானவராக இருப்பினும் நேர்மையானவர் என்பது வாசகர்க்குப் பழகிப்போயிற்று. செப்பேட்டும் வைத்தியரே, புவாறோவுக்குத் துணையாக நடப்பவரே. இருக்கை பழையது, இருந்தவர் வேறு.

நூல் வெளிவந்த பின்னர் எழுந்த கண்டனம் ஆசிரியர் ஆட்ட விதியை மீறினார் என்பதே. சுவை யாதெனின், அவ்விதிகள் எழுத்துருப் பெற்றது நூலுக்குப் பின்னரேயாம். 1928இல் அமெரிக்கரான வான் டைன் இருபது விதிகள் வகுத்தார். குற்றவாளி துப்பறிவாளனுக்குச் செய்யும் சூழ்ச்சிகளன்றி வேறு சூழ்ச்சி எதனையும் வாசகர்க்குச் செய்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அதனைச் சொல்லுக்குச் சொல் கொள்வோமாயின் கிறிஸ்ரி அம்மையார் குற்றமற்றவராகிறார். இங்குச் சூழ்ச்சி செய்தவர் குற்றவாளியேயன்றோ! 1929இற் பாதிரியார் றொனால்ட் நொக்ஸ் வகுத்த பத்து விதிகள் இன்னும் கடுமையானவை. எவருடைய எண்ணங்களை வாசகன் உடனிருந்து அறிந்து வந்தானோ அவர் குற்றவாளியாதல் கூடாது என்றார் அவர். டொறதி சேயேர்ஸ் அம்மையாரோ 1928இல் தாம் தொகுத்த கதைத் திரட்டின் முன்னுரையில், எல்லாரையும் ஐயுறுதல் வாசகனின் கடமை எனக் கூறி இந்நூலின் பக்கம் நின்றார்.

இவ்வழக்கைத் தீர்ப்பதற்கு நம் இலக்கண மரபிலே தக்க சொற்கள் உள. நன்னூலார் நூலுக்காகாத பத்துக் குற்றங்களுள் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். முப்பத்திரண்டு உத்திகளுள் ஒன்றாக உய்த்துணர வைப்பையும் வைத்தார். இரண்டிலும் ஆசிரியன் ஏதோவொன்றைச் சொல்லாது விடுகிறான். சொல்லப்பட்டவற்றைக் கொண்டு சொல்லாததை அறிய வழியின்றேல் அது குற்றம். வழியுண்டேல் அது உத்தி. செப்பேட்டின் கதையில் அவ்வழி உண்டோ என்பதே வினா.

உண்டு என்பதே எம் கருத்து. அக்றொயிட்டின் அறைக்குக் கடிதம் வந்த நேரத்தைச் செப்பேட் தெளிவாகக் குறிக்கிறார். தாம் அறையை விட்டு நீங்கிய நேரத்தையும் குறிக்கிறார். இரண்டிற்கும் இடையே பத்து நிமிடங்கள். அவற்றில் நிகழ்ந்தது இது எனக் கூறவில்லை; எதுவும் நிகழவில்லை எனப் பொய்யும் கூறவில்லை. கதவருகே நின்று திரும்பிப் பார்த்து, செய்யவேண்டியது எதனையும் மறந்தோமோ எனத் தயங்கியதையுங்கூட மறையாது எழுதுகிறார். வாசகன் அவ்விடத்தில் ஒரு கணம் நின்று கணக்கிட்டிருப்பானாயின் கதை அங்கேயே வெளிப்பட்டிருக்கும். ஆனால் அவன் நிற்பதில்லை. கடிதத்தில் என்ன இருந்தது, வாயிலில் எதிர்ப்பட்ட அந்நியன் யார் என அறியும் ஆவலால் முன்னோக்கி ஓடுகிறான். கதையின் விரைவு வாசகர்க்குச் சுவையூட்டுதற்கு மட்டும் அமைந்ததன்று. அதுவே திரையாகவும் நிற்கிறது.

அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1944இல் துப்பறி நாவல்களைச் சாடி எழுதிய கட்டுரையில், கிறிஸ்ரியின் வேறொரு நாவலைச் சுட்டி, இத்தகைய நூலைப் படித்தல் இயலாது, முடிவை நோக்கி ஓடுதலே இயலும் என்றார். அக்கட்டுரைக்கு எதிராக வாசகரிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. 1945இல் அவர் எழுதிய மறு கட்டுரையோ, அக்றொயிட்டைக் கொன்றவர் யாராயிருந்தால் எவர்க்கென்ன எனத் தலைப்பிலேயே கேட்டது. சேயேர்ஸ் அம்மையாரின் நாவலொன்றிற் பெரும் பகுதியைத் தாம் தாண்டிச் சென்றதாகவும் அதில் ஒப்புக்கொண்டார். ஓடுதல் பற்றி அவர் கூறியது மெய்; ஆயின் அதனைக் குறையெனக் கொண்டதே பிழை. ஓடுவோனைக் கருதியே கட்டப்பட்ட நூலும் உண்டு என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுப்போர் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. கொலை நடந்தபின் அக்றொயிட்டின் குரல் கேட்டதாகத் தோன்றச் செய்யும் ஒலிப்பதிவுக் கருவி சற்று எளிதிற் கைக்கு வந்த சாதனமாகவே படுகிறது. ஆயினும், நிதானமாகப் படிப்போன் உண்மையை உணர்தல் கூடும் என்பதற்கு நூலினுள்ளேயே சான்று உளது. செப்பேட் தாம் எழுதி வந்த வரலாற்றைப் புவாறோவிடம் படிக்கக் கொடுக்கிறார். புவாறோ படித்துவிட்டு, தம்மைப் பற்றி அடக்கமாக எழுதியிருப்பதாகப் பாராட்டுகிறார். அஃது எத்தகைய பாராட்டு என்பது நமக்குப் பின்னரே விளங்கும். அந்நூலின் முதல் வாசகர் புவாறோ, அவர் ஓடவில்லை.

எம் மாணவப் பருவத்தில் இந்நாவலை நூலகப் பிரதியொன்றிற் படித்தோம். எமக்கு முன் படித்த புண்ணியவான் ஒருவர் இரண்டாம் அதிகாரத்தின் ஓரத்திலேயே கொலைஞரின் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். அன்று அடைந்த சினம் சிறிதன்று. எனினும் பெயர் தெரிந்தமையால் ஓடவேண்டிய தேவை ஒழிந்தது. செப்பேட்டின் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தோம். அவர் அஞ்சிய இடங்களும், மிகையாக அமைதி காட்டிய இடங்களும் புலப்பட்டன. இரண்டாம் முறை படிப்போர்க்கே இது வேறொரு நூலாகிறது என்பதை அவ்வாறு முதல் முறையிலேயே அறிந்தோம்.

வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2013இற் பிரித்தானியக் குற்றப்புனைகதை எழுத்தாளர் சங்கத்தார் வாக்கெடுத்து, இதுவே தம் துறையில் தலைசிறந்த நாவல் எனத் தேர்ந்தனர். அதற்கு முன்னரே, 1998இற் பிரெஞ்சுப் பேராசிரியர் பியேர் பயார் முற்றிலும் புதியதொரு மேன்முறையீட்டைத் தொடுத்திருந்தார். பத்து நிமிடங்களை மறைத்தவரின் கதையை நம்பலாகாது எனின், அவர் ஈற்றில் அளிக்கும் ஒப்புதலை மட்டும் நம்புவதேன் எனக் கேட்ட அவர், கொலை செய்தவர் செப்பேட்டின் தமக்கை கறொலைன் என்றும், அவரைக் காக்கவே தம்பி பழியை ஏற்றார் என்றும் வாதித்தார். எமக்கு அது முழுதும் உடன்பாடன்று. மெய்யாயின், அந்த நூலகப் பிரதியிற் பென்சிலால் எழுதியவரும் பிழையான பெயரையே எழுதிவிட்டார்.