வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு முடிந்துவிடுமா?

நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டுப்பாருங்கள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, சுளகில் அரிசியையும் கல்லையும் பிரித்தறிய முடியவில்லை, மருந்துப் போத்தலைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது என்பார்கள். சண்டிலிப்பாயிலும் சரி, கொழும்பிலும் சரி, கதை ஒன்றுதான். கடையில் ஒரு கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, எழுத்துத் தெரிந்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அத்துடன் கண்ணைப் பற்றிய கவலையும் முடிந்துவிடுகிறது.

ஆனால் அதே வயதில், எந்த அறிகுறியும் காட்டாமல் இன்னொன்று கண்ணுக்குள் தொடங்கக்கூடும். அதுதான் குளுக்கோமா எனப்படும் கண் அமுக்க நோய்.

எங்கள் அயலூரான மானிப்பாயில் 1848 இல் வைத்தியப் பணியைத் தொடங்கிய டொக்டர் சாமுவேல் கிறீன், பின்னர் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். நாமும் இந்த இரண்டையும் எளிய தமிழில் விளங்கிக்கொள்வோம்.

வில்லை செய்யும் வேலை

கண்ணின் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் வில்லை ஒன்று இருக்கிறது. கிட்டப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்க, வில்லை தடித்து உருள்கிறது. பத்து வயதுப் பிள்ளை புத்தகத்தை ஏழெட்டுச் சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தும் வாசிக்கும். வயது ஏற ஏற வில்லை இறுகி, வளையும் தன்மையை இழக்கிறது. இதுவே வெள்ளெழுத்து. இது நோயல்ல, எல்லோருக்கும் வருவது.

அதற்காகக் கண்ணாடி போடாமல் காலம் கடத்தவும் கூடாது. இந்தியாவின் அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் நடந்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. அவர்களிற் பெரும்பாலானோர் பெண்கள். கண்ணாடி கிடைத்தவர்களின் கொழுந்து பறிப்பு, கிடைக்காதவர்களைவிட ஏறக்குறைய 22 வீதம் கூடுதலாக உயர்ந்தது.

சத்தமில்லாத நோய்

கண்ணின் முற்பகுதியில் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியும் கதிராளியும் சந்திக்கும் மூலையால் வடிகிறது. வடிகால் அடைபட்டால் அமுக்கம் கூடி, மூளைக்குப் பார்வையைக் கொண்டுசெல்லும் நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. முதலில் பக்கப் பார்வையே குறைவதால் நேரே பார்ப்பது வழமைபோலத் தெரியும். நோவும் இராது.

சென்னை சங்கர நேத்ராலயா வைத்தியர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 3,934 பேரைப் பரிசோதித்து 2005 இல் முடிவை வெளியிட்டார்கள். 64 பேருக்கு இந்தச் சத்தமில்லாத வகை இருந்தது. அவர்களுள் ஒரேயொருவருக்குத்தான் நோய் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது.

இன்னொரு வகை பெண்களையே கூடுதலாகத் தாக்குகிறது. வில்லை வயதோடு இறுகுவது மட்டுமல்ல, தடிக்கவும் செய்கிறது. தடித்த வில்லை கதிராளியை முன்னே தள்ள, வடிகால் மூலை ஒடுங்குகிறது. திடீரென முற்றாக அடைபட்டால் கடும் கண்வலி, சிவப்பு, தலையிடி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையங்கள் தோன்றும். தலையிடிக் குளிசை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடலாம்.

வில்லைக்கு இதில் இவ்வளவு பங்கு இருப்பதால், கண்புரை இல்லாத நிலையிலும் அதை அகற்றிச் செயற்கை வில்லை வைப்பது சிலருக்கு லேசரைவிட நல்ல பலன் தருவதாக, ஐந்து நாடுகளில் நடந்து 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

“முத்தட்டும்” என்று இருக்காதீர்கள்

பார்வை மங்கும் முதியவர்களுக்கு “அது புரைதான், முத்தினபிறகு வெட்டலாம்” என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். புரையால் மறைந்த பார்வை சத்திரசிகிச்சையால் மீளும். குளுக்கோமாவால் போன பார்வை மீளாது. மீதியைத்தான் காப்பாற்றலாம். ஆனால் நேரத்தோடு கண்டால் பலனுண்டு. அமுக்கம் கூடியும் நரம்பு கெடாதிருந்த 1,636 பேரை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். ஐந்து வருடத்தில், சொட்டு மருந்து விட்டவர்களில் 4.4 வீதத்தினருக்கும் விடாதவர்களில் 9.5 வீதத்தினருக்கும் நோய் வந்தது. இது 2002 இல் வெளியான முடிவு.

நாம் செய்யவேண்டியவை

• வெள்ளெழுத்து வந்தவுடன் கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் கண் வைத்தியரிடம் போங்கள். அமுக்கத்தோடு பார்வை நரம்பையும் பார்க்கும்படி கேளுங்கள். அமுக்கம் சரியாக இருந்தும் நோய் வரலாம்.

• பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கும் ஆபத்து அதிகம். ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் பரிசோதிக்க வேண்டும்.

• கண் கடிக்கிறது, சிவக்கிறது என்று மருந்துக் கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கி நெடுநாள் விடாதீர்கள். ஸ்ரீரொயிட் கலந்த மருந்துகள் கண் அமுக்கத்தைக் கூட்டும்.

• சொட்டு மருந்து தந்தால் வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள். பார்வை குறையாமல் இருப்பதே அதன் பலன். இரண்டு மருந்துகள் என்றால் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள்.

வீட்டிலுள்ள எல்லோருடைய கிளினிக் திகதியையும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் நாங்கள். அந்த வரிசையில் எங்கள் கண்ணுக்கும் ஒரு நாளை ஒதுக்குவோம், சகோதரிகளே.